பயந்தாலும் வெளுக்கும் விரல்

1

பட்டாணிப் பாக்கெட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

லீட்ஸ் நகரில் நான் வேலை பார்க்கும் கடையில் உறையவைத்த காய்கறிகளை அடுக்குவது என் பொறுப்பு. மதுரையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தவள் இங்கே உறைந்த பட்டாணிக்கும் உறைந்த கீரைக்கும் காவல் இருக்கிறேன். படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, பெட்டியை நிரப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றினால், வலது கையில் மூன்று விரல்கள் நடுக்கணு வரை செத்துக் கிடந்தன. உள்ளங்கைப் பக்கம் சுண்ணாம்பு வெள்ளை. மேல்பக்கம் அடுப்புச் சாம்பல் நிறம். எங்கே வெளுப்பு முடிகிறது, எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டலாம், அவ்வளவு தெளிவாக இருந்தது. கிள்ளிப் பார்த்தேன். வலிக்கவில்லை. கழிப்பறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டியதும் விரல்கள் முதலில் கருநீலமாயின, அப்புறம் சிவந்து, ஆயிரம் ஊசி குத்துவதுபோல் எரிந்தன. அழுதுவிட்டேன்.

சாயங்காலம் என் மகள் யாழினி பார்த்தாள். பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். ‘கை மரத்துப் போச்சு’ என்று நான் சொல்வதைச் சின்ன வயதில் கேட்டு, கை நிஜமாகவே மரமாகிவிடும் என்று நம்பியவள். இன்னமும் அப்படித்தான் சொல்வாள்.

“என்னம்மா, கை மரமாயிடுச்சா?”

வழக்கமாகச் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டுப் போன் செய்தேன். இந்த நாட்டில் மருத்துவரைப் பார்க்கும் முன் வரவேற்பில் இருக்கும் அம்மையாரைத் தாண்ட வேண்டும். அவர் ‘என்ன பிரச்சினை’ என்பார், நாம் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், அந்த வாக்கியம்தான் நம் விதி. பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் முந்திக்கொண்டது. வெளுக்குது, வெளுக்குது என்று மனசு சொல்ல, வாய் அதை அப்படியே மொழிபெயர்த்து, ‘என் விரல்கள் ப்ளீச் ஆகின்றன’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. அவருக்கு ப்ளீச் என்றால் கழிப்பறை கழுவும் திரவம். ரசாயனக் காயம் என்று எழுதி, காயத்துக்கு மருந்து போடும் நர்ஸிடம் அனுப்பிவிட்டார். அந்த நர்ஸ் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கம்பெனித் திரவம் என்று கேட்டார். சூடான அறை. விரல்கள் சமர்த்தாகப் பழுப்பு நிறத்தில் இருந்தன. என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை.

2

அடுத்த முறை வெளுத்தபோது செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் படம்தான் என்னை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சின்னப் பெண், பொறுமைசாலி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் இருந்த கைகள் எல்லாம் ரோஜா நிறம். வெள்ளை, நீலம், சிவப்பு என்று மூன்று நிறமும் விளம்பரம்போலத் தெரிந்தன. நம் தோலில் அப்படித் தெரியாது என்பது பிரசுரம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்குப் போகும் மதகைத்தான் முதலில் அடைப்பார்கள். குளிர் வந்தால் உடம்பும் அதைத்தான் செய்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வேண்டிய சூட்டைக் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் அந்தக் குழாய்கள் கொஞ்சம் குளிருக்கே இறுகி மூடிக்கொண்டு, லேசில் திறக்க மறுக்கின்றன. ரத்தம் போகாத விரல் வெளுக்கிறது, நீலமாகிறது, ரத்தம் திரும்பும்போது எரிகிறது.

பெரும்பாலோருக்கு இது வெறும் தொந்தரவு. சின்ன வயதில் ஆரம்பிக்கும், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் சிலருக்கு இதன் பின்னால் வேறொரு காரணம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் கேள்வி கேட்டார். சிகரெட் பிடிப்பீர்களா? பாறை குடையும் இயந்திரம்போல அதிரும் கருவி எதையாவது பிடித்து வேலை செய்திருக்கிறீர்களா? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை? ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை? தைராய்டு?

இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைபோல முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பாதியில்தான் உறைத்தது. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் நல்ல காரணம் ஒன்று கழன்று போகிறது. மிச்சம் இருப்பது கெட்ட காரணம்.

“எத்தனை வயதில் முதலில் வந்தது?”

“இப்போதுதான். நாற்பத்திரண்டில்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். நாற்பதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். தோல் இறுகும் நோய் ஒன்று இருக்கிறது. விரல் வீங்கும், தோல் பளபளவென்று இழுத்துக்கொள்ளும், வாய் சிறுத்துப் போகும், நுரையீரல் வரைக்கும் போகக்கூடும். அதெல்லாம் வருவதற்குப் பல வருடம் முன்பே விரல் வெளுப்பது ஆரம்பிக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்வோம், நகத்தின் அடித்தோலில் இருக்கும் நுண்குழாய்களை ஒரு கருவியில் பெரிதாக்கிப் பார்ப்போம், பயப்படாதீர்கள், பயந்தாலும் இந்தக் குழாய்கள் சுருங்கும் என்றார். பயமுறுத்திவிட்டுப் பயப்படாதே என்று சொல்வதற்கு எல்லா ஊர் மருத்துவர்களும் தனியாகப் படிப்பார்களோ என்னவோ.

“உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தோல் இறுகும் நோய்?”

“இல்லை” என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. சிறுவயதில் நாக்குக்குப் பழக்கிக் கொடுத்த பதில். மேசைக்கு அடியில் என் விரல்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

3

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். கரிசல் காடு. அம்மா கூலிக்குப் பருத்தி எடுக்கப் போவாள். மார்கழிப் பனியில் பருத்தி ஈரமாகிக் கிடக்கும். அம்மாவின் விரல்கள் செத்துப்போகும். எட்டு மணி வெயில் வரும்வரை கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பாள் என்றும், கங்காணி ஏசுவான் என்றும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு நேரில் தெரிந்தது அப்புறம் வந்தது. அம்மாவின் முகத்தில் சுருக்கமெல்லாம் மறைந்தது. மூக்கு கூர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள், “என்ன ஆத்தா, கொமரி மாதிரி ஆயிட்டே வாரீக” என்று கேலி செய்தார்கள். பிறகு விரல்கள் கொக்கிபோல் மடங்கி நின்றுவிட்டன, நுனியில் புண் வந்தது. கேலி நின்றது. அந்தச் சொல் வந்தது. பெருவியாதி.

தெற்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். குஷ்டம் என்று வாயால் சொல்லக் கூசி இப்படிச் சொல்வார்கள். பேரில்தான் மரியாதை. எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பந்தக்கால் நட்ட பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கல்லுப்பட்டியில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவுக்கு என்ன என்று யாராவது கேட்டால் வாதம் என்று மட்டும் சொல் என்று அப்பா சொல்லி அனுப்பினார். யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. போனால் பெயர் பதிவாகிவிடும் என்ற பயம். கடைசியில் அம்மா வாயைத் திறக்க முடியாமல், கஞ்சியை அக்கா கரண்டிக் காம்பால் ஊற்றினாளாம். நான் பார்க்கவில்லை. எனக்குப் பதினோரு வயது.

இத்தனை வருடம் அம்மாவுக்குக் குஷ்டம் என்றுதான் நானும் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். லீட்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டி, ‘வாய் சிறுத்துவிடும்’ என்று சொன்னபோது, எனக்கு அந்த அறையில் அம்மாவின் முகம் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிந்த முதல் நாள் அதுதான். அதே நோயின் வாசலில் நான் நிற்கிறேன் என்று தெரிந்த நாளும் அதுதான்.

4

படத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அக்கா செல்வராணி, என்னைவிட எட்டு வயது மூத்தவள், மதுரை திருநகரில் இருக்கிறாள். அத்தானுக்குச் சிம்மக்கல்லில் மொத்த வெல்லக் கடை. அவர்கள் மகள் கயலுக்குத் தை மாதம் பூ வைக்கும் விசேஷம், சித்திரையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்த நேரம்.

படம் போய்ச் சேர்ந்த உடனே போன் வந்தது.

“அந்தப் படத்த அழி மொதல்ல. வேற யாருக்கும் அனுப்புனியா?”

“இல்லக்கா. என்னன்னு கேக்கத்தான்...”

“என்னத்தக் கேக்க? வெண்குஷ்டம்னு பேரு கட்டிருவாளுக. சம்பந்தி வீட்டுக்காரி காதுல விழுந்துச்சுன்னா கயலு கதி என்ன? ஏற்கெனவே நாம பட்டது போதாதாடி?”

வெண்குஷ்டத்துக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வெறும் நிறம் போவது, எனக்கு அதுவும்கூட இல்லை என்று விளக்கினேன். பெயரில் குஷ்டம் இருக்கிறதே என்றாள்.

விசேஷத்துக்கு நான் மட்டும் கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு விடுமுறை இல்லை. யாழினிக்குப் பள்ளிக்கூடத் தேர்வு என்றாள். தேர்வு இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள். “எனக்கு அங்க யாரையும் தெரியாதேம்மா” என்றாள் ரொம்பச் சாதாரணமாக. ஆனால் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில், “உன் அம்மாவுக்கு வந்தது உனக்கும் வருமா?” என்று கேட்டாள். அம்மாவைப் பற்றி வீட்டுக்காரரிடம் நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு இணையத்தில் எல்லாம் தேடிப் படித்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். வராது என்றேன். என் மகள் என்னை நம்பவில்லை என்பது அவள் கட்டிப்பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

5

மதுரை வெயிலில் என் விரல்களுக்கு விடுமுறை என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். விசேஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா அம்மியில் மருதாணி அரைத்துக்கொண்டு வந்தாள்.

“கைய நீட்டு.”

“எனக்கெதுக்குக்கா? கயலுக்கு வையி.”

“கயலுக்கு வச்சாச்சு. நீ தட்டுத் தூக்கணும். வெளுத்துத் தொலைச்சாலும் செவப்புல தெரியாது. நீட்டுடி.”

எங்கள் பக்கத்து வழக்கப்படி விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் தொப்பி போட்டாள். நகம், நகத்தைச் சுற்றிய தோல், முதல் கணு வரைக்கும் பச்சைப் பசேலென்று அப்பினாள். மருதாணி எவ்வளவு குளிர்ச்சி என்பதை மறந்தே போயிருந்தேன். ஆறாவது விரலுக்கு வரும்போது என் பற்கள் அடித்துக்கொண்டன. தொப்பிகளுக்குக் கீழே விரல்கள் சாம்பலாகின. நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா என் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் பிடித்து, மருதாணி ஒட்டினாலும் பரவாயில்லை என்று தன் சேலைக்குள் கக்கத்தில் செருகிக்கொண்டாள். அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

“தேய்க்கக் கூடாது. நெருப்புலயும் காட்டக் கூடாது. மெள்ளத்தான் வரும்” என்றாள்.

அம்மாவுக்குச் செய்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் திருமங்கலம் சாலையில் ஒரு ஏ.சி. மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று பதினாறு டிகிரியில் வைத்திருந்தார்கள். வெளியே வெயில், உள்ளே லீட்ஸ். பூ, பழம், தேங்காய் அடுக்கிய பெரிய பித்தளைத் தாம்பாளத்தை அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து, சம்பந்தியம்மாள் கையில் கொடுக்க வேண்டும். என் கையைப் பற்றிய பயத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் தாம்பாளம் சாய்ந்தது. என் பக்கம் சாயவில்லை. அக்கா பக்கம்.

ஒரு தேங்காய் உருண்டு கம்பளத்தில் விழுந்தது. நான் முழங்காலைக் கொடுத்துத் தாம்பாளத்தை நிறுத்தி, அக்காவின் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். மருதாணித் தொப்பிகளுக்குக் கீழே அவள் விரல்கள் அடிவரை செத்திருந்தன. விரல் ஒவ்வொன்றும் பருத்து, சுருக்கமே இல்லாமல், மெழுகு பூசியதுபோல இருந்தது. கல்யாண மோதிரம் இல்லை. எந்த விரலிலும் மோதிரம் இல்லை.

சம்பந்தியம்மாள் நல்லவர். “தேங்கா ஒடையலயில்ல, பெறகென்ன, வாங்க” என்று சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அக்காவும் சிரித்தாள். நான் சிரித்ததாக வீடியோவில் இருக்கிறது.

6

பந்தி ஆரம்பித்ததும் அக்காவை மண்டபத்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் சூடு. சாம்பார் அண்டாவின் ஆவி முகத்தில் அடிக்க நின்றோம்.

“எம்புட்டு நாளாக்கா?”

“ரெண்டு வருசமிருக்கும். கத்தாத.”

இரண்டு வருடமாக வீடியோ அழைப்பில் பார்க்கும்போதெல்லாம் அக்கா கையில் மருதாணி இருந்தது. ஆடிக்கும் வைத்தாள், ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமைக்கும் வைத்தாள். நான் கேலி செய்திருக்கிறேன், புதுப்பொண்ணு என்று. அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். கயலுக்கும் தெரியாது. நுனியில் இரண்டு தடவை புண் வந்து ஆறியதாம். அதன் மேலேயே மருதாணி அப்பினாளாம்.

“டாக்டர்ட்ட போவம்க்கா. இன்னைக்கே.”

“கல்யாணம் முடியட்டும்.”

“இது குஷ்டம் இல்லக்கா. அம்மாவுக்கும் அது இல்ல. இதுக்கு வேற பேரு இருக்கு. ஆருக்கும் ஒட்டாது. மருந்து இருக்கு.”

“அம்மாவுக்கும் அது இல்லையா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அம்மாவுக்கு அது இல்லை என்பது அவளுக்கு உள்ளே இறங்க நேரம் பிடித்திருக்க வேண்டும். பிறகு என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். அதுதான் அக்கா.

“ஒனக்கு ஒண்ணும் இருக்காதுடி. நீ பயப்புடாத. ஒனக்கு ஏழாப்பு படிக்கையிலயே உண்டு இது. ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா, மார்கழில வாசத் தெளிக்கையில கை மரத்துப் போச்சுன்னு அழுவ. ஞாவகம் இல்லையா? எனக்குத்தான் இம்புட்டு வயசுல புதுசா வந்துருக்கு.”

எனக்கு ஞாபகமே இல்லை. சின்ன வயதில் ஆரம்பித்தது என்றால் நல்லது, நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தால் கெட்டது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே என் தலையில் இருந்த கத்தியை எடுத்துத் தன் தலைக்கு மேலே வைத்துக்கொண்டாள். அவளிடம் அதை எப்படிச் சொல்வது? வாயைத் திற என்றேன், குழந்தையிடம் கேட்பதுபோல. திறந்தாள். அது அளவான வாயா, சிறுத்த வாயா என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. சமையல்காரர் எங்களை விநோதமாகப் பார்த்து, “என்னக்கா, பல்லு வலியா?” என்றார்.

நான் கிளம்பும் வரை மன்றாடினேன். கல்யாணம் முடியட்டும் என்ற ஒரே பதில்தான். டாக்டர் வீட்டு வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றாள். மதுரையில் அத்தனை லட்சம் பேர் இருக்க, திருநகர் செல்வராணியைப் பார்க்கத்தான் ஒருத்தி மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் நம்பினாள்.

7

திரும்பி வந்த இரண்டாம் வாரம் எனக்குப் பரிசோதனை. மருத்துவமனையில் கருவிக்கு முன்னால் உட்கார வைத்து, நகத்தடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்கள். அங்கிருந்த பெரிய மருத்துவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“இது என்ன சாயம்?”

மருதாணி. அக்காவின் கைராசி, கறுத்துச் சிவந்திருந்தது. நகச்சாயம் போடாமல் வரவும் என்று அவர்கள் அனுப்பிய குறிப்பில் இருந்தது. மருதாணியை நாங்கள் யாரும் நகச்சாயமாக நினைப்பதில்லையே. தோலின் சிவப்பில் குழாயின் சிவப்பு தெரியவில்லை, சாயம் போன பிறகு வாருங்கள் என்றார். கணினியில் ‘நோயாளி தயாராக வரவில்லை’ என்று ஏறியது. அதனால் வரிசையின் கடைசிக்குப் போனேன். சோப்பு, எலுமிச்சை, பேக்கிங் சோடா, கல் உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தமிழ்நாட்டில் பெண்கள் மருதாணி சிவக்க என்னென்னவோ செய்வார்கள். வெளுக்க வேண்டும் என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரங்களில் தூக்கமும் இல்லை, சாப்பாடும் சரியில்லை. குளிர் குறைந்துகொண்டே வந்தது, விரல்கள் முன்னைவிட அடிக்கடி வெளுத்தன. பேருந்தில், அடுப்படியில், கடையில் யாராவது என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால்கூட வெளுத்தன. யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் என் கைகளை எடுத்துத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து வருடக்கணக்காகியிருந்தது.

இரண்டாவது முறை போனபோது, முதலில் உண்மையைச் சொன்னேன். என் அம்மாவுக்கு இருந்தது. பெயர் தெரியாமலே செத்துப்போனாள். எனக்குப் பள்ளி வயதிலேயே விரல் வெளுத்திருக்கிறது, இதுவும் இப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கருவியில் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். நகத்தடியில் நுண்குழாய்கள் ஒரே அளவில், நெருக்கமாக, நட்ட நாற்றுபோல வரிசையாக நின்றன. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருப்பது வெறும் குளிர்ச் சுருக்கம், அம்மாவின் வரலாற்றுக்காக வருடம் ஒருமுறை வாருங்கள் போதும் என்றார்.

“என் அக்காவுக்கு விரல் வீங்கியிருக்கிறது. புண் வந்திருக்கிறது. ஐம்பது வயது. இரண்டு வருடமாகத்தான்” என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அங்கே யாரிடமாவது காட்டியிருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தள்ளிப்போடாதீர்கள், நுரையீரலைப் பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்த்தால் செய்ய நிறைய இருக்கிறது என்றார்.

8

மருத்துவமனை வாசலிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். அது நேற்று. எனக்கு ஒன்றுமில்லை என்றதும் அவள் போட்ட சத்தத்தில் அத்தான் ஓடி வந்தது கேட்டது. சாமி, சாமி என்றாள். அழுதாள். பிறகு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அப்ப எனக்குத்தான்னு சொல்லு.”

“அப்பிடிக் கணக்கு இல்லக்கா. ரெண்டு பேருல ஒருத்திக்குன்னு எங்கயும் எழுதி வைக்கல. ஒனக்கும் ஒண்ணுமில்லாம இருக்கலாம்.”

“ஒனக்குப் பொய் சொல்ல வராதுடி. சின்னதுல இருந்தே வராது.”

திட்டுவாள் என்று நினைத்தேன், கல்யாணம் முடியட்டும் என்பாள் என்று நினைத்தேன். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பார்த்துவிடலாமா, மருந்து ஆரம்பித்தால் கல்யாணத்தன்று நிற்க முடியுமா என்று சம்பந்தி வீட்டுச் சமாச்சாரம் பேசுவதுபோல நிதானமாகக் கேட்டாள். முடியும் என்றேன். சரி, நாளைக்கு வெள்ளென அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவர்ட்டயும் இன்னைக்கே சொல்லிர்றேன் என்றாள்.

இன்று போயிருக்கிறாள். இங்கே காலை பத்து மணி. அங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. இன்னும் அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. கடைக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருடைய வீட்டிலாவது ஒரு பெண் விரல் செத்துப் போகிறது என்று கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என்ன பேர் கட்டுவார்களோ என்று பயப்படாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று சொல்லத்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் என் பயம் அப்படியே இருக்கிறது.

நேற்று போனை வைக்கும் முன் அக்கா சொன்னாள்:

“ஒனக்கு இருந்துரக் கூடாது, ஒனக்கு இருந்துரக் கூடாதுன்னே இம்புட்டு நாளும் கும்புட்டேன்டி. எனக்கும் வேணாம்னு ஒரு வார்த்த கேக்க மறந்துட்டேன்.”